துனிசியா: கடலுக்கும் மணலுக்கும் நடுவே ஒரு சொந்தத் திட்டம் (வாசகர் கேள்வி பதில்)

வட ஆப்பிரிக்காவில் அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் இடையில், வடக்கிலும் கிழக்கிலும் மத்தியதரைக் கடலும் தெற்கில் சகாரா பாலைவனமும் அமைந்திருக்கும் நாடு துனிசியா. அந்த நாட்டுக்கு ஏஜென்சிகளின் ரெடிமேட் பேக்கேஜில் சேராமல் தங்கள் விருப்பப்படி பயணம் அமைத்துக்கொள்ள எண்ணும் வாசகர்கள் சிலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களைச் சேர்த்து இந்த இதழில் பதில் அளித்திருக்கிறோம்.

கேள்வி: நான், என் கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், 68 வயதான மாமியார் ஆகிய நால்வரும் துனிசியா செல்ல விரும்புகிறோம். ஒரு ஏஜென்சி அனுப்பிய திட்டத்தில் ஏழு இரவுகளுக்குள் துனிஸ், கார்த்தேஜ், துக்கா, சூஸ், எல் ஜெம், கைருவான், தோசர், தூஸ், கஸர் கிலான், ததாவின், ஜெர்பா, ஹம்மாமெத் என்று எல்லா ஊர்களும் இருக்கின்றன. பணம் கொடுத்துப் போகிறோமே, எதையும் விடக் கூடாது என்கிறார் கணவர். எனக்கோ மலைப்பாக இருக்கிறது. எப்படி அமைத்துக்கொள்வது?
— கோவை வாசகி

பதில்: உங்களுக்குத் தோன்றிய மலைப்பு நியாயமானது. துனிசியா வரைபடத்தில் சின்ன நாடாகத் தெரிவதால் எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் சுருட்டிவிடலாம் என்று திட்டம் போடுகிறார்கள். ஆனால் தலைநகர் துனிஸிலிருந்து பாலைவனத்தின் விளிம்பில் இருக்கும் தோசருக்கு ஏறத்தாழ 440 கிலோமீட்டர் போக வேண்டும். தெற்கே ஜெர்பா தீவு 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அந்தத் திட்டத்தின்படி சென்றால் உங்கள் மாமியார் துனிசியாவைப் பெரும்பாலும் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார். திட்டத்தை நாமே அமைத்துக்கொள்வதன் முழுப் பயனும் எதை விடுவது என்று நாமே முடிவு செய்வதில்தான் இருக்கிறது என்பதை உங்கள் கணவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

விடுமுறையைப் பத்து இரவுகளாக நீட்டிக்க முடியுமானால் கீழ்க்கண்டவாறு அமைக்கலாம். முதல் மூன்று இரவுகள் துனிஸில் தங்குங்கள். அந்த நாட்களுக்குக் கார் வேண்டாம். நகரத்திலிருந்து கடலோரமாக டி.ஜி.எம். என்னும் சிறு ரயில் ஓடுகிறது. கார்த்தேஜின் இடிபாடுகளுக்கும், வெள்ளைச் சுவரும் நீலக் கதவுமாகக் குன்றின் மேல் அமர்ந்திருக்கும் சிடி பூ சயித்துக்கும் அதிலேயே சென்று வரலாம். கார்த்தேஜ் என்றவுடன் ஹம்பியைப் போல ஒரே வளாகத்தை எதிர்பார்க்க வேண்டாம். கி.மு. 146இல் ரோமானியர்கள் அழித்து, பிறகு தாங்களே மீண்டும் கட்டிய அந்த நகரம் இன்று பணக்காரர்களின் வீடுகளுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரே நுழைவுச்சீட்டில் பல இடங்களைப் பார்க்கலாம் என்றாலும், பிர்சா குன்றையும் கடலை ஒட்டிய அந்தோனின் குளியல் கூடங்களையும் மட்டும் பார்த்தால் உங்கள் குடும்பத்துக்குப் போதும். ரோமானிய மொசைக் ஓவியங்களுக்குப் புகழ்பெற்ற பார்தோ அருங்காட்சியகத்துக்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். அதற்குத் திங்கட்கிழமை விடுமுறை.

நான்காம் நாள் காலை ஓட்டுநருடன் காரை வரவழைத்து, 205 கிலோமீட்டர் தொலைவில் உள்ள எல் ஜெம் சென்று, மாலையில் கைருவானை அடையுங்கள். கோதுமை வயலும் ஆலிவ் தோப்புமாகக் கிடக்கும் சமவெளியில், சாதாரணச் சிற்றூர் ஒன்றின் நடுவே, 35,000 பேர் அமரக்கூடியதாக மூன்றாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட வட்டரங்கம் எழுந்து நிற்பதுதான் எல் ஜெம். அதன் அடித்தள அறைகளுக்குள் இறங்கிப் பார்க்க உங்கள் மகளுக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். கைருவானில் கி.பி. 670இல் உக்பா இப்னு நாஃபி நிறுவிய பெரிய பள்ளிவாசலின் முற்றத்துக்குள் முஸ்லிம் அல்லாதவர்களும் செல்லலாம். தொழுகைக் கூடத்தை வாசலில் நின்று பார்க்கலாம். அந்த முற்றத்தில் நின்றுகொண்டு எல்லோரும் கோபுரத்தையே அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் தரையைப் பாருங்கள். முற்றம் முழுவதும் நடுப்பகுதியை நோக்கி மெல்லச் சரிந்திருக்கும். மழைநீர் அங்கே பளிங்கில் படிப்படியாகச் செதுக்கிய வடிகாலில் வண்டலைத் தங்கவிட்டு, அடியில் உள்ள நீர்த்தொட்டிக்குள் இறங்கும்படி அமைத்திருக்கிறார்கள். நீர் இறைப்பதற்கான கிணற்று வாய்கள் பழைய ரோமானியத் தூண்களின் கற்களால் ஆனவை. நூற்றாண்டுகளாகக் கயிறு உரசியதில் அவற்றின் விளிம்பெங்கும் ஆழமான தடங்கள் விழுந்திருக்கின்றன.

கைருவானில் ஓர் இரவு தங்கிவிட்டு, கஃப்சா வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பயணம் செய்து தோசரை அடையுங்கள். அங்கே இரண்டு இரவுகள் தேவை. இடைப்பட்ட நாளில் ஷெபிகா, தமெர்ஸா, மிதெஸ் ஆகிய மலைச் சோலைகளைச் சுற்றிப் பார்க்கலாம். 1969ஆம் ஆண்டின் பெருமழை வெள்ளத்துக்குப் பின் கைவிடப்பட்ட பழைய மண்வீடுகள் அங்கே இன்னும் நிற்கின்றன. ஷெபிகாவில் அருவிப் பக்கம் இறங்கும் பாதையில் படிகள் செங்குத்தாக இருப்பதால் மாமியாரை மேலே உள்ள தேநீர்க் கடையில் அமர வைத்துவிட்டுச் செல்வது நல்லது.

தோசரிலிருந்து தூஸுக்கு ஏறத்தாழ 125 கிலோமீட்டர். அதில் ஒரு பெரும் பகுதி, சோட் எல் ஜெரித் என்ற உப்பு ஏரியின் குறுக்கே மேடாக்கிப் போட்ட சாலை. கோடையில் ஏரி முழுவதும் வெள்ளைப் பாளமாக இறுகிக் கிடக்கும். குளிர்கால மழைக்குப் பிறகு இருபுறமும் நீர் நிற்கும், சில குட்டைகள் ரோஜா நிறத்தில் தெரியும். தூஸை ஒட்டிய மணல்மேடுகளில் ஓர் இரவு கூடாரத்தில் தங்குங்கள். மறுநாள், நிலத்தைக் குடைந்து வீடு அமைத்த மத்மாத்தாவைப் பார்த்துவிட்டு ஜெர்பாவை அடையுங்கள். தீவில் இரண்டு இரவுகள் தங்கி, உள்நாட்டு விமானத்தில் துனிஸ் திரும்பி, கடைசி இரவை அங்கே கழியுங்கள். உள்நாட்டு விமானங்களின் நேரம் மாறுவது உண்டு என்பதால், அன்றே ஊர் திரும்பும் விமானத்தைப் பிடிக்கும்படி டிக்கெட் போட வேண்டாம்.

துக்கா, சூஸ், ஹம்மாமெத், கஸர் கிலான், ததாவின் ஆகியவற்றை இந்தத் திட்டத்தில் விட்டிருக்கிறேன். இவற்றில் விட மனம் வராதது துக்கா மட்டும்தான். குன்றின் மேல் கோயிலும் அரங்கும் வீதிகளுமாக முழு ரோமானிய நகரமே அங்கே எஞ்சியிருக்கிறது. பதினோராவது இரவு கிடைத்தால் துனிஸிலிருந்து ஒரு நாள் போய்விட்டு வாருங்கள்.

கேள்வி: பாலைவனத்தில் இரவு தங்குவதற்கு ஜீப் கட்டாயம் என்று சொல்லி, பயணம் முழுவதற்கும் ஃபோர் வீல் டிரைவ் வாடகை போட்டிருக்கிறார்கள். தொகை மிகவும் அதிகமாக இருக்கிறது. இது சரியா?
— திருச்சி வாசகர்

பதில்: சரியல்ல, இந்த ஒரு இடத்தில் பேசித்தான் ஆக வேண்டும். துனிஸிலிருந்து தோசர், தூஸ், மத்மாத்தா, ஜெர்பா வரைக்கும் தார்ச்சாலை இருக்கிறது. சாதாரணக் காரோ, ஆட்கள் கூடுதலாக இருந்தால் வேனோ போதும். மணலுக்குள் இறங்கும் அந்த ஒரு நாளுக்கு மட்டுமே ஜீப் வேண்டும். தூஸ் வரை காரில் வந்து, அங்கே உள்ளூர் ஜீப்புக்கு மாறி, மறுநாள் காலை மீண்டும் காருக்குத் திரும்பும்படி இரண்டு விலையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுநரின் சாப்பாடும் தங்குமிடமும் எரிபொருளும் அந்த விலைக்குள் அடங்குமா, கூட வருபவர் ஓட்டுநர் மட்டும்தானா அல்லது ஆங்கிலம் பேசும் வழிகாட்டியா என்பவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அரபியும் பிரெஞ்சும்தான் அங்கே பரவலாகப் பேசப்படும் மொழிகள். ஆங்கிலம் தெரிந்த ஓட்டுநர் வேண்டும் என்று முன்பே சொல்லாவிட்டால் கிடைப்பது உறுதியில்லை.

கூடாரங்களிலும் வகை உண்டு. தூஸ், ஸாஃப்ரான் பகுதிகளில் ஊரை ஒட்டியே இருப்பவற்றுக்கு ஒட்டகத்தில் போய்விடலாம். ஆனால் இரவில் ஊர் விளக்கு தெரியும். கஸர் கிலானில் வெந்நீர் ஊற்றுக் குளமும் அதைச் சுற்றி மரங்களும் உண்டு, வசதியும் அதிகம். அதனாலேயே கூட்டமும் சேரும். ஆளரவம் இல்லாத மணல்வெளி வேண்டுமென்றால் இன்னும் உள்ளே போக வேண்டும், அங்கே கழிப்பறை கூடாரத்திலிருந்து தள்ளியே இருக்கும். வயதானவர்கள் உடன் வந்தால் குளியலறை இணைந்த கூடாரம் வேண்டும் என்று கேளுங்கள்.

எங்கே தங்கினாலும், இரவு உணவுக்கு முன் ரொட்டி சுடுவதைப் பார்க்கத் தவறாதீர்கள். விறகு எரித்துக் கங்கானதும் அதை ஒதுக்கி, சூடேறிய மணலில் மாவைத் தட்டையாகப் போட்டு, மேலே மணலையும் கங்கையும் மூடிவிடுவார்கள். வெந்ததும் தோண்டி எடுத்துக் குச்சியால் தட்டி, சாம்பலையும் மணலையும் உதறிவிட்டுப் பிய்த்துக் கொடுப்பார்கள். பல்லில் மணல் நெறிபடுமோ என்ற அச்சம் வேண்டாம், அநேகமாக நெறிபடாது.

கேள்வி: எந்த மாதத்தில் போவது நல்லது?
— சேலம் வாசகர்

பதில்: மார்ச் பிற்பகுதியிலிருந்து மே நடுப்பகுதி வரையும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கடலோரம், பாலைவனம் இரண்டுமே இதமாக இருக்கும். கடலில் குளிப்பதுதான் முதன்மை என்றால் மே மாதத்தைவிட அக்டோபர் மேல், ஏனெனில் கோடை முழுவதும் வாங்கிய வெப்பம் நீரில் மிச்சமிருக்கும். தெக்லெத் நூர் என்ற தேன்நிறப் பேரீச்சை அறுவடையும் தோசர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான். ஜூலை, ஆகஸ்டில் தெற்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதால் பள்ளி விடுமுறையை நம்பி அப்போது போக வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் பகல் சுகமாக இருந்தாலும் பாலைவன இரவுகளில் கம்பளிச் சட்டையும் குல்லாயும் இல்லாமல் தூங்க முடியாது.

ரமலான் மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாட்கள் முன்னே நகரும். 2027இல் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் தொடங்கும் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அந்த மாதத்தில் பகலில் உணவகங்கள் பலவும் மூடியிருக்கும், அருங்காட்சியகங்கள் சீக்கிரமே அடைத்துவிடும். நோன்பு திறந்த பிறகு பழைய நகரத்தின் சந்துகளில் நள்ளிரவு வரை மக்கள் கூடியிருப்பதைக் காண விரும்புகிறவர்களுக்கு அதுவே நல்ல காலமாகவும் அமையலாம்.

கேள்வி: நாங்கள் முட்டையும் சாப்பிடாத சுத்த சைவம். சமாளிக்க முடியுமா? குக்கர் எடுத்துப் போகலாமா?
— மதுரை வாசகி

பதில்: சமாளிக்கலாம், ஆனால் அங்கே உங்களுக்கு எதிரி இறைச்சி அல்ல, சூரை மீன். காய்கறி சாலட் என்று கேட்டாலும் அதன் மேல் டின்னில் அடைத்த சூரையும் அவித்த முட்டையும் வைத்துக் கொடுப்பார்கள். அவற்றை அசைவமாகவே பலர் கருதுவதில்லை. எனவே "சைவம்" என்று பொதுவாகச் சொல்லாமல், இறைச்சி வேண்டாம் என்பதற்கு "சான் வியாண்ட்", சூரை வேண்டாம் என்பதற்கு "சான் தோன்", முட்டை வேண்டாம் என்பதற்கு "சான் ஸெஃப்" என்று பிரெஞ்சில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஓட்டுநரிடம் ஒரு தாளில் அரபியில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் எளிது.

கூஸ்கூஸில் கவனம் தேவை. அடிப்பாத்திரத்தில் குழம்பு கொதிக்க, அதன் ஆவியில் மேல்பாத்திரத்தில் ரவைக் குருணை வேகும். பிறகு அந்தக் குழம்பையே மேலே ஊற்றுவார்கள். குழம்பில் ஆட்டிறைச்சி வெந்திருந்தால், தட்டில் காய்கறியை மட்டும் எடுத்து வைப்பதால் அது சைவமாகிவிடாது. தனியாகச் சமைக்க முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கூடாரத்தில் தங்கும் இரவுக்கு இது மிகவும் அவசியம். பயமின்றிச் சாப்பிடக்கூடியது லப்லாபி. பிய்த்துப் போட்ட ரொட்டியின் மேல் கொண்டைக்கடலைச் சாற்றை ஊற்றி, சீரகப் பொடி, ஹரிஸா என்ற மிளகாய் விழுது, ஆலிவ் எண்ணெய் சேர்த்துத் தருவார்கள்; முட்டையும் சூரையும் வேண்டாம் என்பதை இங்கேயும் மறக்க வேண்டாம். தானியங்களையும் பருப்பையும் வறுத்து அரைத்த ப்ஸீஸா என்ற மாவு நம் சத்துமாவு போன்றது. ஆலிவ் எண்ணெயில் குழைத்துச் சாப்பிடுவார்கள். கைருவானில் பேரீச்சை வைத்துப் பொரித்த மக்ரூத், சிடி பூ சயித்தில் சர்க்கரை தூவிய சுடச்சுடப் பம்பலூனி, பைன் பருப்பு மிதக்கும் புதினாத் தேநீர் ஆகியவை எல்லாம் உங்களுக்கானவை. குக்கர் வேண்டாம். ஹோட்டல் அறையில் சமைக்க விடமாட்டார்கள். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் எடுத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: விசா, விமானம், பணம் பற்றிச் சொல்லுங்கள்.
— சென்னை வாசகர்

பதில்: சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை, துபாய் அல்லது தோஹாவில் மாறிச் செல்வது வசதி. விசா விதிகள் மாறக்கூடியவை என்பதால் புது தில்லியில் உள்ள துனிசியத் தூதரகத்திடம் நேரடியாகக் கேட்டு உறுதி செய்த பிறகே ஏஜென்சிக்கு முழுத் தொகையைக் கட்டுங்கள். முன்பணம் கட்டும்போதே, விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

துனிசிய தினாரை நாட்டுக்குள் கொண்டுவரவோ வெளியே எடுத்துச் செல்லவோ சட்டம் இடம் தரவில்லை. யூரோவாகவோ டாலராகவோ கொண்டுபோய் அங்கே மாற்றுங்கள். மிஞ்சியதைத் திருப்பி மாற்றுவதற்கு வங்கி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு தினாருக்கு 1,000 மில்லிம். ஆகவே விலைச்சீட்டில் 12,500 என்று போட்டிருந்தால் பதற வேண்டாம், அது பன்னிரண்டரை தினார்தான். தூஸைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் போய்விட்டால் ஏ.டி.எம். கிடைப்பது அரிது.

கேள்வி: என் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இரண்டாம் உலகப் போரின்போது "துனிசியா வரை போனவர்" என்று வீட்டில் சொல்வார்கள். அவர் போன வழியைத் தொட்டுக்கொண்டு பயணத்தை அமைக்க முடியுமா?
— வேலூர் வாசகர்

பதில்: முடியும். எந்த ஏஜென்சியின் பேக்கேஜிலும் கிடைக்காத பயணம் உங்களுடையதுதான். 4ஆவது இந்திய டிவிஷனுடன் மெட்ராஸ் சாப்பர்ஸின் 12ஆவது ஃபீல்டு கம்பெனி வட ஆப்பிரிக்காவில் பணியாற்றியது. உங்கள் தாத்தா அதில் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. முதலில் அவருடைய ஓய்வூதியப் புத்தகத்திலோ பதக்கங்களின் விளிம்பிலோ படை எண் இருக்கிறதா என்று பார்த்து, மெட்ராஸ் சாப்பர்ஸின் இன்றைய பெயரான மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் பெங்களூரு தலைமையகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை டிக்கெட் போட வேண்டாம்.

1943 மார்ச்சில் மாரெத் அரண்வரிசைப் போரில் இந்த டிவிஷன் மத்மாத்தா மலைகளின் வழியாக முன்னேறியது. ஏப்ரல் 6 அன்று காபெஸுக்கு வடக்கே வாதி அகாரித்திலும், பின்னர் அன்ஃபிதாவுக்கு அருகே கர்சி குன்றிலும் போரிட்டது. துனிசியாவில் அச்சு நாடுகளின் படைக்குத் தலைமை வகித்த ஜெர்மானியத் தளபதி ஃபான் ஆர்னிம் மே 12 அன்று இந்த டிவிஷனிடமே சரணடைந்தார். ஆகவே நீங்கள் தெற்கிலிருந்து வடக்காக வர வேண்டும். விமானத்தில் ஜெர்பா போய் இறங்குங்கள். மாரெத்தில் போர் அருங்காட்சியகத்தையும் மத்மாத்தாவையும் பார்த்துவிட்டு, காபெஸ், ஸ்ஃபாக்ஸ், அன்ஃபிதா வழியாகத் துனிஸ் வந்து சேருங்கள். ஸ்ஃபாக்ஸ் போர்க் கல்லறையில், கர்சியில் உயிர்நீத்து விக்டோரியா கிராஸ் பெற்ற ஹவில்தார் மேஜர் சேலு ராமின் கல்லறை இருக்கிறது. எல் ஜெம்மும் இந்த வழியிலேயே வந்துவிடும். பாலைவனக் கூடாரத்தை நீங்கள் விட வேண்டியிருக்கும். உங்களுக்கு அது பெரிய இழப்பாக இருக்காது என்று நினைக்கிறேன்.

கேள்வி: கடற்கரைக்கு ஹம்மாமெத் நல்லதா, ஜெர்பாவா?
— புதுச்சேரி வாசகர்

பதில்: கடலும் நீச்சல் குளமும் மட்டும் போதும் என்றால் துனிஸுக்கு அருகில் இருக்கும் ஹம்மாமெத் போதும். வேறெதுவும் வேண்டும் என்றால் ஜெர்பாதான். 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்தத் தீவில், அடக்கமான வெண்ணிறப் பள்ளிவாசல்களும், யூதர்கள் இன்றும் யாத்திரை வரும் எல் க்ரீபா தொழுகைக் கூடமும், குவெல்லாலா ஊரின் குயவர்களும் இருக்கிறார்கள். ஹூம்த் சூக் சந்தையில் காலையில் மீன் ஏலத்தைப் பாருங்கள். உயரமான நாற்காலியில் அமர்ந்த ஏலக்காரர், நாரில் கோத்த மீன்களைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு விலை கூவுவார்.

கேள்வி: நானும் என் தோழியும் மட்டும் போகலாமா? பாதுகாப்பு எப்படி?
— தஞ்சாவூர் வாசகி

பதில்: மேலே சொன்ன ஊர்களுக்குப் போகலாம். அல்ஜீரிய எல்லையை ஒட்டிய கஸ்ஸரீன் மலைப்பகுதியையும் லிபிய எல்லையோரத்தையும் தவிர்த்துவிடுங்கள். தெற்குக் கோடியில் ராணுவ அனுமதி இல்லாமல் நுழைய முடியாத பகுதிகள் உண்டு. ஊருக்கு ஊர் ஓடும் லுவாஜ் என்ற ஷேர் வேன்களில் எட்டுப் பேர் சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். பகல் நேரத்தில் அவற்றில் செல்வதில் சிக்கல் இல்லை, மலிவும்கூட. இரவுப் பயணம் வேண்டாம். பழைய நகரத்துச் சந்துகளில் "இன்று மட்டும் திருவிழா, மாடியிலிருந்து பார்க்கலாம்" என்று அழைத்துப் போகிறவர் கடைசியில் கம்பளக் கடையில்தான் கொண்டு நிறுத்துவார். கம்பளம் வாங்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால், பின்புறம் அரசுக் கைவினை நிறுவனத்தின் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இடிபாடுகளின் அருகே ரோமானிய நாணயம் என்று யாராவது நீட்டினால் கையில்கூட வாங்க வேண்டாம். பெரும்பாலும் அது போலி. உண்மையானதாக இருந்துவிட்டால் விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.